இரண்டு கிளாவர், ரீடபுள்

பிரிட்ஜ் ஆட்டத்தில் ஒருவன் "இரண்டு கிளாவர்" என்று அறிவித்தால் அவன் கையில் கிளாவர் இருக்க வேண்டும் என்று என் மனைவி நினைக்கிறாள். நியாயமான எண்ணம்தான். பல வருடம் நானும் அப்படி நினைத்துத்தான் ஆடிக்கொண்டிருந்தேன். அதைக் கெடுத்தவன் அவளுடைய தம்பி.

சீட்டு தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பிரிட்ஜ் நான்கு பேர் ஆடுவது. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஆட்டம் தொடங்குமுன் ஏலம் நடக்கும். எந்த ரகம் துருப்பு, எத்தனை பிடி எடுத்தாக வேண்டும் என்பது அதில் முடிவாகும்; ஒரு சுற்றில் விழும் நான்கு சீட்டையும் ஜெயித்து அள்ளுவது ஒரு பிடி. ஜோடிகள் தங்கள் கையைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இந்த ஏலத்தைத் தவிர வேறு வழி கிடையாது. பேசக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது, புருவத்தைத் தூக்கக் கூடாது. சாதாரண முறையில் "ஒரு ஸ்பேட்" என்றால் எனக்கு ஸ்பேட் நிறைய இருக்கிறது என்று பொருள். எதிரில் இருப்பவர் அதை வைத்து மீதியை ஊகிப்பார்.

ரிலே என்ற முறையில் ஊகத்துக்கு இடமில்லை. ஜோடியில் ஒருவர் கேட்பவர், மற்றவர் பதில் சொல்பவர். கேட்பவர் ஒவ்வொரு தடவையும் அடுத்து வரும் மிகச் சிறிய ஏலத்தைச் சொல்வார். அதற்கு "மேலே சொல்லு" என்பதைத் தவிர அர்த்தம் இல்லை. பதில் சொல்பவர் படி எண்ணிப் பதில் வைப்பார். முதல் படி என்றால் ஒரு செய்தி, இரண்டாம் படி என்றால் இன்னொரு செய்தி. எந்த ரகத்தில் எத்தனை சீட்டு, எத்தனை ஏஸ், எத்தனை கிங், கடைசியில் இன்ன ராணி உண்டா இல்லையா என்பது வரை போகும். ஏலம் முடியும்போது கேட்பவருக்கு எதிரில் இருப்பவரின் பதின்மூன்று சீட்டும் கண்ணாடிக்குள் வைத்ததுபோலத் தெரியும். பதில் சொன்னவருக்குக் கேட்டவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

என் மைத்துனன் கேட்பவன். நான் பதில் சொல்பவன்.

அவனுக்கு நாற்பது நெருங்குகிறது. நொய்டாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ரயில் கால அட்டவணைகளை அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கிறேன். கோல் மார்க்கெட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ். சனிக்கிழமை மதியம் அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேருமாக நடந்தே பிரிட்ஜ் கிளப்புக்குப் போவோம். அப்படி ஒரு சனிக்கிழமை அவன் போனை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து இந்த முறையைக் காட்டினான்.

"அத்தான், இனிமே நீங்க ஒண்ணும் யோசிக்க வேண்டாம். நான் கேப்பேன், நீங்க பதில் சொல்லுதிய. அவ்வளவுதான்."

"முடிவு யாரு எடுக்கது?"

"நான்தான்."

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "இந்த வீட்டுல கல்யாணம் ஆன நாள்லேருந்து அதான நடக்கு. நான் கேக்கேன், இவுக பதில் சொல்லுதாவ, முடிவு நான் எடுக்கேன். அதுக்குப் போயி ஒரு பேரு வேறயால?"

அவன் கொடுத்ததை அச்செடுத்தேன். பக்க எண் போட்டேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம் கொடுத்துப் பென்சிலால் கோடிட்டேன். அலுவலகத்துக்குப் போகும் வழியில் மெட்ரோவில் ஒரு பக்கம், திரும்பும்போது ஒரு பக்கம் என்று மனப்பாடம் செய்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைப்பவன் நான். எனக்கு எரிச்சல் வந்தது அதனால் அல்ல. நான் ஒரு பக்கத்தைப் படித்து முடிக்குமுன் அவன் அதை மாற்றிவிடுவான்.

"புது வெர்ஷன் அனுப்பிருக்கேன் அத்தான், பாத்தியளா?"

அது செவ்வாய்க்கிழமை வரும். வெள்ளிக்கிழமை அதற்கு ஒரு திருத்தம் வரும். சனிக்கிழமை மதியம் ரசம் ஊற்றிக்கொண்டே, அந்தத் திருத்தம் சரியில்லை என்று பழையதற்கே திரும்பலாம் என்பான். திரும்பும்போது முழுவதுமாகத் திரும்ப மாட்டான். மூன்றாம் படியை மட்டும் புதியதில் வைத்துக்கொள்வான். நான் அழிரப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பேன். இதில் பெரிய கொடுமை, உண்டாக்கியவனுக்கே அது நினைவில் நிற்காது. பாதி ஏலத்தில் கூரையைப் பார்த்து யோசிப்பான். நான் சொன்ன பதிலுக்கு என்ன பொருள் என்று எதிராளி கேட்டால், விளக்க வேண்டியவன் அவன். சட்டப்படி நான் வாய் திறக்கக் கூடாது. "அநேகமாக ஹார்ட் நாலு" என்பான். அநேகமாக என்ற சொல்லை ஒழிக்கத்தானே இந்த முறை என்று எனக்கு உள்ளுக்குள் கொதிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாணக்யபுரியில் நம் மாநில விருந்தினர் இல்லத்து கேண்டீனில் சாப்பாட்டுக்குப் போவோம். இலை வருவதற்குக் காத்திருக்கும் நேரத்திலும் பயிற்சிதான். ஒருமுறை நாங்கள் ஏலம், சீட்டு, டபுள் என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட பக்கத்து மேசைக்காரர், ஊரிலிருந்து வேலையாக வந்தவர் போலிருந்தது, குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"சார், மாசச் சீட்டா? எத்தன பேரு சேந்திருக்கீங்க?"

"ரெண்டே பேருதான்ணே," என்றான் மைத்துனன். "அதுலயும் ஒருத்தரு எப்ப வேணா ஓடிருவாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓடாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் கிளப் குளிர்காலத்தில் நடக்கும் லீக் போட்டிக்கு ஓர் அணியை அனுப்பும். இரண்டு ஜோடி, நான்கு பேர். கேப்டன் ஒரு பஞ்சாபி அம்மாள், கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். அவரும் அவருடைய ஜோடியும் வருடாவருடம் நிச்சயம். இன்னொரு ஜோடியைத் தேர்வாட்டம் வைத்து எடுப்பார். அணியில் ஆடியவர்களின் பெயரை மாடிப்படி ஏறும் சுவரில் பலகையில் எழுதியிருக்கும். அந்தப் படியில் நான் எத்தனையோ வருடமாக ஏறி இறங்குகிறேன். மற்றவர்கள் ஆடிய புள்ளிகளைக் கூட்டிச் சரிபார்ப்பது என் வேலை. கேட்டுக் கொடுத்ததல்ல, நானாக எடுத்துக்கொண்டது. யார் எங்கே தப்பாக எழுதினாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் என்னை அணியில் எடுக்கலாம் என்று யாரும் நினைத்ததில்லை. நானும் மைத்துனனும் சாதாரண முறையில் ஆடிய நாட்களில் எப்போதும் நடுவில் எங்கேயோதான் வந்தோம். ரிலே தொடங்கிய பிறகு, அவன் நினைவில் வைத்திருந்த நாட்களில், மேலே வர ஆரம்பித்தோம். இந்த வருடம் தேர்வாட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பலகையில் என் பெயர் வர வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

தேர்வாட்டத்துக்கு முந்திய வாரம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். மனைவி கொடுத்தனுப்பிய சாமான்கள் வாங்க வேண்டும். நான் முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரன், "ஜல்தி கரோ பாய் சாப், சப் ஏக் ஜெய்சா ஹை," என்று, எல்லாம் ஒரே மாதிரிதானே, சீக்கிரம் ஆகட்டும் என, சலித்துக்கொண்டான். அப்போதுதான் மைத்துனன் பின்னாலிருந்து ஆரம்பித்தான்.

"அத்தான், நாம ரெண்டு கிளாவர்னு ரிலே கேக்கும்போது எதிராளி டபுள் வச்சா என்ன செய்யுதோம்?"

"பாஸ் முதல் படி. ரீடபுள் ரெண்டாம் படி. அதுக்கு மேல வழக்கம் போல." பக்க எண்ணோடு சொல்ல முடியும் எனக்கு. டபுள் என்பது எதிராளியின் சவால், புள்ளியும் தண்டமும் இரட்டிக்கும்; ரீடபுள் அதற்கு எதிர்ச்சவால், இன்னும் ஒரு மடங்கு ஏறும்.

"அந்த ரீடபுள வீணாக்குதோம். கையில நெசமாவே கிளாவர் நீளமா இருந்தா ரீடபுள்னு வச்சுக்கிடுவோம். அங்கனையே ஆடிப் புள்ளிய அள்ளிரலாம்லா?"

"யோசிச்சு எழுதிக்கிடுவோம்," என்றேன்.

எழுதவில்லை. அவன் அனுப்பவும் இல்லை. எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது, அல்லது இருந்ததாக நான் நினைத்திருந்தேன்: கோப்பில் ஏறி, அச்செடுத்து, என் கையில் தாளாக வந்தால்தான் அது ஒப்பந்தம். அதற்கு முன் பேசியதெல்லாம் வெறும் பேச்சு.

தேர்வாட்டம் சனிக்கிழமை மதியம். வெளியே புகைமூட்டம், ஜன்னல்களைச் சாத்திக் குழல்விளக்குப் போட்டிருந்தார்கள். எங்கள் மேசைக்குக் கேப்டனே வந்து உட்கார்ந்தார். எனக்கு வலப்புறம் அவர், இடப்புறம் அவருடைய ஜோடி, எதிரில் மைத்துனன். முதல் சில கைகள் நன்றாகப் போயின. எல்லா மேசைக்கும் அதே சீட்டுகள்தான் சுற்றி வரும்; ஒன்றில் மற்ற மேசைகளில் யாரும் எட்டாத ஸ்லாமை, அதாவது பன்னிரண்டு பிடி எடுக்கும் பெரிய ஏலத்தை, படிப்படியாக ஏறிப் பிடித்தோம். கேப்டன் ஒவ்வொரு பதிலுக்கும் பொருள் கேட்டார். மைத்துனன் ஒன்றுகூடத் தவறாமல் விளக்கினான். எனக்கே அவன்மேல் ஒரு பிரியம் வந்தது.

பிறகு அந்தக் கை வந்தது. எனக்கு ஸ்பேட் ஐந்து, ஹார்ட் ஐந்து, டைமண்ட் இரண்டு, கிளாவர் ஒன்றே ஒன்று, அதுவும் நாலு என்ற சின்னச் சீட்டு. மைத்துனன் பலமான கை இருப்பதாக ஆரம்பித்தான். எனக்கு ஸ்பேட் ஐந்து உண்டு என்று பதில் வைத்தேன். அவன் "இரண்டு கிளாவர்" அட்டையை எடுத்து வைத்தான் (கிளப்பில் ஏலம் வாயால் அல்ல, அட்டையால்தான்); மேலே சொல்லு என்று அர்த்தம். கேப்டன், தன்னிடம் கிளாவர் இருப்பதைக் காட்ட, சிவப்பு டபுள் அட்டையை வைத்தார்.

என் பதில் இரண்டாம் படி: ஸ்பேட்டோடு ஹார்ட்டும் உண்டு. இரண்டாம் படி என்றால் ரீடபுள். நீல அட்டையை எடுத்து நேராக வைத்தேன். இடப்புறத்துக்காரர் பாஸ்.

மைத்துனன் யோசித்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "பாஸ்" அட்டையை வைத்துவிட்டான்.

அட்டையை வைத்ததும் கேப்டன் அவனைப் பார்த்துக் கேட்டார். "யே ரீடபுள் க்யா ஹை, பாய்?"

பார்ட்னரிடம் கிளாவர் நீளமாக இருக்கிறது, இங்கேயே ஆட விரும்புகிறார் என்று இந்தியில் தெளிவாக, அநேகமாக என்ற சொல்கூட இல்லாமல் விளக்கினான்.

நான் என் கையிலிருந்த ஒற்றைக் கிளாவரைப் பார்த்தேன். கேப்டன் பாஸ் வைத்துவிட்டால் எனக்கு இனி ஏலத்தில் முறை வராது. வந்தாலும், அவன் சொன்ன விளக்கம் என் காதில் விழாததுபோலத்தான் நான் நடந்துகொள்ள வேண்டும், விதி அப்படி. தொண்டையைக் கனைக்கக் கூடாது, நாற்காலியில் அசையக் கூடாது. மேசை விரிப்பின் பச்சையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேப்டன் தன் சீட்டுகளை ஒருமுறை பார்த்து, மறுமுறையும் பார்த்து, அவசரமில்லாமல் பாஸ் வைத்தார். ஏலம் முடிந்தது. இரண்டு கிளாவர், ரீடபுள். அதாவது கிளாவரைத் துருப்பாக வைத்து நாங்கள் எட்டுப் பிடி எடுத்தாக வேண்டும். தவறினால் தண்டம் நான்கு மடங்குக்குமேல்.

ஜோடி தவறான விளக்கம் கொடுத்திருந்தால், முதல் சீட்டு விழுமுன் அதைத் திருத்த வேண்டியது என் கடமை. கையைத் தூக்கி ஆட்ட நடுவரைக் கூப்பிட்டேன். எங்கள் ஒப்பந்தப்படி அந்த ரீடபுளுக்குக் கிளாவரோடு சம்பந்தமே இல்லை, எனக்கு ஸ்பேடும் ஹார்ட்டும் உண்டு என்றுதான் பொருள் என்றேன்.

"இல்ல அத்தான், அத மாத்திட்டோம்லா?" என்றான் மைத்துனன், நடுவர் முன்னாலேயே தமிழில்.

"மாத்தல."

நடுவருக்குத் தமிழ் புரியவில்லை என்றாலும் விஷயம் புரிந்தது. கேப்டனைப் பார்த்து, கடைசியாக வைத்த பாஸை மாற்றிக்கொள்ள விருப்பமா என்று கேட்டார். கேப்டன் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "நஹீ நஹீ. மை பஹுத் குஷ் ஹூன்," என்றார். ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாராம்.

ஆடப்போவது மைத்துனன். நான் என் சீட்டுகளை மேசையில் விரித்துவைக்கும் டம்மி. வழக்கப்படி ரகம் ரகமாக வைத்தேன். ஸ்பேட் ஐந்து, ஹார்ட் ஐந்து, டைமண்ட் இரண்டு, கடைசியில் அந்த நாலு. அவனிடம் கிளாவர் இரண்டுதான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. ஆக எங்கள் துருப்பு மொத்தம் மூன்று, எதிராளிகளிடம் பத்து.

டம்மியைப் பார்த்ததும் ஆடுபவர் நன்றி சொல்வது மரியாதை. மைத்துனன் அந்த நாலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தேங்க் யூ, பார்ட்னர்," என்றான்.

மூன்று பிடி குறைந்தது. அதே சீட்டுகளை வைத்து மற்ற மேசைகளில் ஸ்பேட்டில் ஸ்லாம் எடுத்திருந்தார்கள்.

இடைவேளையில் டீயும் பிரெட் பக்கோடாவும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஓரத்தில் நின்றோம்.

"அன்னைக்கு மார்க்கெட்டுல சொன்னேம்லா அத்தான்?"

"எழுதிக்கிடுவோம்னு சொன்னேன்."

"வேண்டாம்னு சொல்லலையே."

"எழுதாதது ஒப்பந்தம் இல்ல மாப்ளே."

"ஆமா, நீங்க ரயில்வே டைம்டேபிளு. அச்சடிச்சாத்தான் வண்டி கெளம்பும்." பக்கோடாவைக் கடித்தான். "அச்சடிச்ச நேரத்துக்கு என்னைக்காவது வண்டி வந்திருக்கா?"

வண்டி தாமதமாக வரலாம். ஆனால் எந்த நடைமேடையில் நிற்பது என்பதாவது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? இதைச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. போனைத் திறந்து வந்திருந்த செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளைக்குப் பிறகு ஒழுங்காகவே ஆடினோம். கூட்டிப் பார்த்ததில், அந்த ஒரு கையின் நஷ்டத்தையும் மீறி, தேர்வுக்கு வந்த ஜோடிகளில் நாங்கள்தான் மேலே இருந்தோம். அன்றைக்கு என்னைக் கூட்டவிடவில்லை, வேறொருவர் கூட்டினார். நான் தள்ளி நின்று மனதுக்குள் கூட்டிக்கொண்டேன். சரியாகத்தான் இருந்தது.

கேப்டன் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். சீட்டு ஆடுவது நன்றாக இருக்கிறது, அணியில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரு நிபந்தனை. இந்தப் படி எண்ணும் சமாசாரத்தை விட்டுவிட வேண்டும். லீகில் ஒவ்வொரு எதிராளிக்கும் இதை விளக்கி முடிப்பதற்குள் நேரம் போய்விடும், தவிர இன்றைக்குப் பார்த்ததுபோல இன்னொன்றைப் பார்க்கும் நெஞ்சுரம் தன் ஜோடிக்கு இல்லை என்றார். எல்லோரும் ஆடும் சாதாரண முறையில் ஆடுங்கள். சரியா?

கேள்வி எங்கள் இரண்டு பேருக்கும்.

"டன், மேடம்," என்றான் மைத்துனன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அந்த மாலையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. ரீடபுளுக்குக்கூட ஆறிவிட்டது. மனித மறதி. ஆனால் மாதக்கணக்கில் ஒருவனை உட்காரவைத்து, எட்டு நிறப் பென்சிலும் வாங்கவைத்து, அவன் மண்டைக்குள் ஒரு முழுப் பாஷையைப் புகட்டிவிட்டு, பக்கோடா எண்ணெயைக் கைக்குட்டையில் துடைக்கும் நேரத்தில் "டன்" என்று விட்டுவிட முடிகிறதே.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "கடைசி வெர்ஷன அப்படியே நிறுத்திருவோம் மாப்ளே. ஒரு எழுத்து மாத்தக் கூடாது. கேப்டன்கிட்ட நான் பேசுதேன். விளக்கத்த ஒரு தாள்ல அடிச்சு எதிராளிக்கு முன்னாலயே குடுத்துருவோம், நேரம் மிச்சம்."

"எதுக்கு அத்தான்? எனக்கே போரடிச்சிட்டு."

"போரடிச்சிட்டா?"

"கேட்டுக்கிட்டே இருக்கதும் பெரிய பாடுல்லா? நீங்க படி எண்ணி எண்ணி வைக்கிய. நான்ல அதையெல்லாம் மண்டைல கூட்டி வைக்கணும். டீம்ல எடுத்துட்டாங்க. ஜாலியா ஆடுவோம்."

மனைவி தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "இத்தன வருசமா எடுக்கல எடுக்கலன்னு பொலம்புனிய. இப்ப எடுத்துட்டாவ. பெறகென்ன?"

அவளுக்கு விளக்க முயன்றேன். சாதாரண முறையில் என் கையில் இருப்பதில் பாதியைத்தான் சொல்ல முடியும். மீதியை எதிரில் இருப்பவன் ஊகிப்பான். ஊகம் தப்பினால் என் முகத்தைப் பார்ப்பான். ரிலேயில்தான் முதல்தடவையாக என்னிடம் இருப்பதையெல்லாம், கூட்டாமல் குறைக்காமல், ஒவ்வொரு சீட்டாக இன்னொரு மனிதனுக்குச் சொல்ல முடிந்தது. கடைசி ராணி வரைக்கும் ஒருவன் பொறுமையாகக் கேட்டான். அப்படி யாரும் என்னை எதையும் கேட்டதில்லை.

"நான் கேக்கேம்லா தெனமும்," என்றாள். "பால் வாங்குனியளா, கரண்ட் பில்லு கட்டுனியளான்னு."

மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் எழுந்து கை கழுவப் போனேன்.

மறுக்க என்னால் முடியவில்லை. பலகையில் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான்தானே. நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு கேப்டனுக்குச் செய்தி அனுப்பினேன். அவர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார்.

லீகின் முதல் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நடந்தது. இழுபறியாகவே போய்க்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்திய கையில் மைத்துனன் "ஒரு ஸ்பேட்" என்று ஆரம்பித்தான். உண்மையிலேயே ஸ்பேட். எனக்கும் ஸ்பேட் இருந்தது, ஆதரித்தேன். எத்தனை ஏஸ் என்று கேட்டான். சொன்னேன். எத்தனை கிங் என்று கேட்டான். சொன்னேன். சாதாரண முறையில் அதற்குமேல் கேட்க வழி இல்லை. என்னிடம் டைமண்ட் ராணி இருந்தது. அதைச் சொல்ல எனக்கும் வழி இல்லை. ரிலேயாக இருந்தால் அடுத்த கேள்வியே அதுதான்.

அவன் கூரையைப் பார்த்தான். பிறகு "ஏழு ஸ்பேட்" அட்டையை எடுத்து வைத்தான். பதின்மூன்று பிடியும் எடுக்க வேண்டும். ஒன்று தவறினாலும் எல்லாம் போச்சு.

டம்மியை விரித்தேன். டைமண்டை வைத்ததும் அவன் கண் ராணியின்மேல் நின்றது. அவனிடம் டைமண்டில் ஏஸ், கிங், ஒரு சின்னச் சீட்டு. ராணி இல்லாவிட்டால் அந்தச் சின்னச் சீட்டுக்கு ஒரு பிடி போயிருக்கும். இருந்தது. பதின்மூன்றும் எடுத்தான். அந்தக் கையால்தான் ஆட்டத்தை ஜெயித்தோம். கேப்டன் வந்து இருவர் தோளிலும் தட்டினார். "தேகா? சிம்பிள் இஸ் பெஸ்ட்," என்றார்.

திரும்பும்போது மெட்ரோவில் கேட்டேன். "ராணி என்கிட்ட இருக்குன்னு எத வச்சு முடிவு பண்ணுன?"

"எனக்கு எப்பிடித் தெரியும் அத்தான்? இருக்கும்னு ஒரு இது. அடிச்சு விட்டேன்."

"இல்லாம இருந்திருந்தா?"

"இருந்துச்சுல்லா?"

அவன் யாருக்கோ போனில் வெற்றியை விவரித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் தடவை சொல்லும்போதே, ராணி எங்கே இருக்கிறது என்று அவனுக்கு முன்பே தெரிந்திருந்ததாகக் கதை மாறிவிட்டது.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ஜெயிச்சியளா?"

"ஜெயிச்சோம்."

"பெறகு ஏன் மூஞ்சி இப்பிடி இருக்கு?"

சட்டையை மாற்றிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் ஒரு சீட்டுக்கட்டைப் பிரித்தேன். அந்தக் கையை நினைவிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் அடுக்கினேன். அவனுடையது அந்தப் பக்கம், என்னுடையது இந்தப் பக்கம். ரிலேயில் அதை ஏலம் விட்டுப் பார்த்தேன். அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்து கேட்டேன். என் நாற்காலிக்கு வந்து பதில் சொன்னேன். ரகங்களின் நீளம் தெரிந்தது, ஏஸ் தெரிந்தது, கிங் தெரிந்தது. கடைசியில் டைமண்ட் ராணி உண்டா என்று கேட்டேன். உண்டு என்ற படியில் பதில் வைத்தேன். ஒரு படிகூடத் தவறவில்லை.

வந்து சேர்ந்த இடம் அதே ஏழு ஸ்பேட்தான்.

மனைவி கையில் தட்டுகளோடு வந்து நின்றாள். "மேசைய ஒழிச்சுத் தாங்க," என்றாள். மைத்துனன் சோபாவில் படுத்தபடி, அடுத்த வாரம் அவர்கள் அலுவலகத்தில் யாரோ சொன்ன வேறொரு முறையைப் பார்க்கலாமா என்று கேட்டான். நான் சீட்டுகளை ரகவாரியாக அடுக்கிக் கட்டினேன். எழுதித் தந்தால் பார்க்கிறேன் என்றேன்.